கேட் வரை வந்தவர் திரும்பிப் போகக் கூடாது: அடுக்குமாடிக் குடியிருப்பும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பும்

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். காலை பத்தரை மணி. நான்கு பிளாக், இருநூறு வீடுகள் கொண்ட குடியிருப்பின் வாசல். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை, கையில் கைபேசியோடு ஓர் ஆசிரியை வந்து நிற்கிறார். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்திருப்பதாகச் சொல்கிறார். காவலாளி பதிவேட்டைப் புரட்டுகிறார். "மேடம், எந்த வீட்டுக்குப் போகணும்?" என்கிறார். "எல்லா வீட்டுக்கும்தான்" என்று பதில் வருகிறது. "அப்படியெல்லாம் விட முடியாதுங்க. செகரட்டரி சொன்னாத்தான்." செகரட்டரி அலுவலகத்தில் மீட்டிங்கில் இருக்கிறார், போனை எடுக்கவில்லை. அரை மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு ஆசிரியை அடுத்த தெருவுக்குப் போகிறார்.

இதில் யார் மேல் தவறு? காவலாளி தன் வேலையைத்தான் செய்தார். தெரியாத ஆளை உள்ளே விடக் கூடாது என்று நாம்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறோம். ஆசிரியையும் தன் வேலையைத்தான் செய்தார். இடையில் ஒன்று மட்டும் குறைந்தது: "இன்னார் வருவார்கள், இப்படி உள்ளே விடுங்கள்" என்று குடியிருப்பு முன்கூட்டியே பேசி வைக்கவில்லை. அந்த ஏற்பாட்டை எப்படிச் செய்வது, சட்டம் என்ன சொல்கிறது, உங்கள் பாதுகாப்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

எப்போது வருவார்கள்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதல் கட்டம் வீடுகளைப் பட்டியலிடும் பணி. 2026 ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரையிலான ஆறு மாதத்துக்குள் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென அறிவிக்கும் 30 நாட்களில் இது நடக்கும். அந்த 30 நாள் தொடங்குவதற்கு முந்தைய 15 நாட்களில் நீங்களே இணையத்தில் விவரங்களைப் பதியும் 'சுய கணக்கெடுப்பு' வசதியும் உண்டு. இரண்டாம் கட்டம், அதாவது ஆட்களை எண்ணும் பணி, 2027 பிப்ரவரியில் நடக்கும். சாதி விவரமும் அப்போதுதான் கேட்கப்படும். 2027 மார்ச் 1 நள்ளிரவு 00:00 மணி என்பதே நாட்டின் பெரும்பகுதிக்கும் கணக்கெடுப்பின் குறிப்பு நேரம்.

ஆக, உங்கள் குடியிருப்பு வாசலுக்குக் கணக்கெடுப்பாளர் ஒருமுறை வந்து போவதோடு விஷயம் முடியாது. இரண்டு கட்டத்துக்கும் வருவார். பூட்டிய வீடுகளுக்காகத் திரும்பவும் வருவார். "ஒரு தடவை சமாளித்தால் போதும்" என்று நினைக்காமல், நிலையான ஒரு ஏற்பாட்டைச் செய்துகொள்வது நல்லது.

இந்த முறை காகிதப் படிவம் கிடையாது. கணக்கெடுப்பாளர் கைபேசிச் செயலியில்தான் பதிவு செய்வார். கையில் கட்டுக் கட்டாகப் படிவங்கள் இல்லையே என்று சந்தேகப்பட வேண்டாம்.

ஒரு வீடு விட்டுப்போனால் என்ன ஆகிவிடும்?

"எங்க வீட்டை எண்ணாட்டா நாடு என்ன ஆயிடப் போகுது?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

நாம் இன்றும் பயன்படுத்துவது 2011 கணக்கு. 2021-இல் நடந்திருக்க வேண்டியது கொரோனா காரணமாகத் தள்ளிப்போனது. 2011-இல் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030. அதில் 48.4 சதவீதம் பேர் நகரங்களில் இருந்தார்கள். அந்தக் கணக்கு எடுத்தபோது சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர்தான். அதே ஆண்டு அக்டோபரில்தான் சுற்றியிருந்த நகராட்சிகளும் ஊராட்சிகளும் சேர்ந்து அது 426 சதுர கிலோமீட்டராகவும் 200 வார்டுகளாகவும் ஆனது. பழைய மாமல்லபுரம் சாலையில் இன்று வரிசையாக நிற்கும் குடியிருப்புகளில் பல அன்றைக்குக் காலி மனை. அங்கே வாழும் குடும்பங்கள் அந்த இடத்தின் கணக்கில் இன்னும் ஏறவே இல்லை.

வார்டு எல்லை, வார்டுகளில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் இட ஒதுக்கீடு, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எத்தனை பேருக்கு ஒதுக்கீடு, உள்ளாட்சிகளுக்கு நிதிப் பகிர்வு என்று பலவற்றுக்கும் அடிப்படை இந்த எண்தான். ஒரு தெருவில் உள்ள தனி வீடுகள் எல்லாம் எண்ணப்பட்டு, அதே தெருவின் இருநூறு வீட்டுக் குடியிருப்பு மட்டும் கேட்டிலேயே நின்றுபோனால், அந்தப் பகுதியில் எண்ணூறு பேர் வரை காணாமல் போவார்கள். பிறகு "குடிநீர் போதவில்லை, பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை" என்று மனு கொடுக்கும்போது, கணக்கில் நம் பகுதி சின்னதாகத்தான் தெரியும்.

ஒரு கணக்கெடுப்பாளருக்கு ஒதுக்கப்படும் பகுதியில் பொதுவாக ஏறத்தாழ 700, 800 பேர் வசிப்பார்கள். நடுத்தரமான ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு மட்டுமே ஒருவருடைய முழுப் பகுதியாக அமைந்துவிடலாம். அங்கே கேட் மூடியிருந்தால், அவருடைய மொத்த வேலையும் நின்றுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. குடியிருப்புவாசிகள் தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவுகள் நான்கு.

பிரிவு 8: கணக்கெடுப்பு அலுவலர் கேட்கும் கேள்விகளுக்கு, தனக்குத் தெரிந்தவரை உண்மையான பதில் சொல்வது ஒவ்வொருவரின் சட்டப்படியான கடமை. இதில் ஒரு விலக்கும் உண்டு. குடும்பத்துப் பெண் ஒருவரின் பெயரைச் சொல்ல யாரும் கட்டாயப்படுத்தப்பட மாட்டார்கள். வழக்கப்படி கணவர் பெயரைச் சொல்லாத பெண்ணும் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. வீட்டில் பாட்டி தனியாக இருந்து தயங்கினால், இதை நினைவில் வையுங்கள்.

பிரிவு 9: வீடு, சுற்றடைப்பு, படகு அல்லது வேறு எந்த இடத்தில் வசிப்பவரும், கணக்கெடுப்புக்குத் தேவையான அளவு அலுவலர் உள்ளே வர அனுமதிக்க வேண்டும். தேவைப்பட்டால் எண்ணோ குறியோ எழுதவும் ஒட்டவும் விட வேண்டும். 'சுற்றடைப்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். தனி வீட்டின் கதவுக்கு மட்டுமல்ல, சுவர் கட்டி கேட் போட்ட வளாகத்துக்கும் இது பொருந்தும்.

அதே பிரிவில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. நாட்டு வழக்கத்தை அனுசரித்து 'நியாயமான' அளவுக்குத்தான் அனுமதி. அதாவது அவர் உங்கள் படுக்கையறை வரை வர வேண்டியதில்லை. வாசலிலோ கூடத்திலோ நின்று கேட்டாலே போதும். பீரோவைத் திறந்து காட்டச் சொல்லும் வேலை அவருக்கு இல்லை.

பிரிவு 11: நியாயமான அனுமதியை மறுத்தாலோ, பதில் சொல்ல மறுத்தாலோ, தெரிந்தே பொய் சொன்னாலோ, எழுதிய எண்ணை அழித்தாலோ 1,000 ரூபாய் வரை அபராதம். இதே பிரிவு கணக்கெடுப்பாளரையும் கட்டுப்படுத்துகிறது. அவர் முறையற்ற அல்லது மனம் புண்படும் கேள்வியை வேண்டுமென்றே கேட்டாலோ, நீங்கள் சொன்னதை அனுமதியின்றி வெளியில் சொன்னாலோ, அபராதத்தோடு 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

பிரிவு 15: கணக்கெடுப்புப் பதிவேட்டைப் பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. இந்தச் சட்டத்தின் கீழ் தொடரும் வழக்கைத் தவிர, வேறு எந்த உரிமையியல் அல்லது குற்றவியல் வழக்கிலும் அது சாட்சியமாகாது. "வாடகைக்கு விட்டது தெரிஞ்சிடுமோ", "வீட்டுல ஆள் அதிகம்னு ஓனருக்குப் போயிடுமோ" என்ற பயத்துக்கு இதுதான் பதில். உங்கள் பதில் வீட்டு உரிமையாளருக்கும் போகாது, சங்கத்துக்கும் போகாது.

என்ன கேட்பார்கள், எதைக் கேட்க மாட்டார்கள்?

முதல் கட்டத்தில் 33 கேள்விகள். தரை, சுவர், கூரை எதனால் ஆனது, வீட்டின் நிலை, எத்தனை பேர் வசிக்கிறீர்கள், குடும்பத் தலைவர் யார், சொந்த வீடா வாடகையா, எத்தனை அறைகள், குடிநீர், விளக்கு, கழிப்பறை, கழிவுநீர், சமையல் எரிபொருள், டி.வி., இணையம், கணினி, கைபேசி, வண்டி, முக்கியமாகச் சாப்பிடும் தானியம், கடைசியாகக் கைபேசி எண். அந்த எண்ணும் கணக்கெடுப்புத் தொடர்புக்கு மட்டுமே.

இந்த 33-இல் ஆதார் எண் இல்லை. வங்கிக் கணக்கு இல்லை. சம்பளம் இல்லை. நகை இல்லை. பான் எண் இல்லை. யாராவது இவற்றைக் கேட்டால் அது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அல்ல.

அடுக்குமாடியில் வழக்கமாகத் தடுமாறும் சில கேள்விகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

அறைகள்: "டூ பெட்ரூம்" என்பதால் இரண்டு அறை என்று சொல்லிவிடுவோம். அது தவறு. ஹாலும் வசிக்கும் அறைதான். ஆக மூன்று. சமையலறை, குளியலறை, ஸ்டோர், நடைவழி சேராது.

கழிப்பறையும் கழிவுநீரும்: உங்கள் கட்டடத்துக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா, செப்டிக் டேங்க்தானா, வளாகத்துக்குள்ளேயே சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதா? ஐந்தாவது மாடியில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. சங்கத்துக்குத் தெரியும். ஆகவே கட்டடத்தின் சுவர், கூரை வகை, கழிவுநீர் ஏற்பாடு, குழாயில் வருவது மெட்ரோ தண்ணீரா, போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா என்பதைச் சங்கமே ஒரு பக்கத்தில் எழுதி லிஃப்ட் அருகே ஒட்டிவிடலாம். இருநூறு வீடும் ஒரே கேள்விக்கு இருநூறு விதமாகப் பதில் சொல்வது நின்றுவிடும்.

குடிநீர்: குளிக்க வரும் தண்ணீரைப் பற்றியல்ல, குடிக்கும் தண்ணீரைப் பற்றித்தான் கேள்வி. கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறீர்கள் என்றால் கேன் என்றே சொல்லுங்கள். கௌரவத்துக்காகக் குழாய்த் தண்ணீர் என்று சொன்னால், உங்கள் பகுதிக்குக் குழாயில் நல்ல குடிநீர் வருகிறது என்றுதான் கணக்கில் ஏறும்.

குடும்பத் தலைவர்: வீட்டார் யாரைத் தலைவர் என்று சொல்கிறார்களோ அவர்தான். பெண்ணாகவும் இருக்கலாம். வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

யாரையெல்லாம் நாம் மறந்துவிடுகிறோம்?

அடுக்குமாடியில் விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் நம் கண்ணெதிரிலேயே இருப்பவர்கள். இதை விளங்கிக்கொள்ளக் கணக்கெடுப்பு மொழியில் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும். தெருவிலிருந்தோ, பொது முற்றத்திலிருந்தோ, மாடிப்படியிலிருந்தோ தனி வாசல் உள்ள பகுதி ஒவ்வொன்றும் ஒரு வீடு. சாதாரணமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். இரத்த உறவாக இருக்க வேண்டியதில்லை.

இதை வைத்துப் பார்த்தால் பல சந்தேகங்கள் தீரும்.

வேலைக்குப் போகும் மூன்று இளைஞர்கள் ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்து, சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறார்களா? அவர்கள் ஒரு குடும்பமாகவே பதிவாவார்கள். "நாங்க பேச்சிலர்ஸ், ஊர்ல அப்பா அம்மா சொல்லிக்குவாங்க" என்று கதவைச் சாத்தக் கூடாது. நீங்கள் சாதாரணமாக வசிப்பது இங்கேதான்.

உங்கள் வீட்டிலேயே தங்கி, உங்கள் வீட்டுச் சமையலையே சாப்பிட்டு வேலை செய்யும் அம்மா? அவர் உங்கள் வீட்டு எண்ணிக்கையில் சேர வேண்டும். "அவங்க வேலைக்காரங்கதானே" என்று விட்டுவிட்டால், அவர் எங்கேயுமே எண்ணப்படாமல் போகலாம். வயதானவரைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருக்கும் பணியாளருக்கும் இதேதான்.

மறந்துவிடும் பட்டியலில் முதலில் வருபவர் காவலாளிதான். பல குடியிருப்புகளில் தரைத்தளத்தில், மோட்டார் ரூமை ஒட்டியோ கார் நிறுத்தும் இடத்தின் மூலையிலோ ஒரு சின்ன அறை இருக்கும். அதில் காவலாளி மனைவி, குழந்தைகளோடு இருப்பார். ஒடிசாவிலிருந்தோ, பீகாரிலிருந்தோ, நேபாளத்திலிருந்தோ வந்திருக்கலாம், நம் தென் மாவட்டத்திலிருந்தும் வந்திருக்கலாம். ஃபிளாட் எண் கிடையாது. பராமரிப்புக் கட்டணப் பட்டியலில் அந்த அறை கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் அவர் கிடையாது. சங்கம் கொடுக்கும் பட்டியலில் 'ஏ-1 முதல் டி-50 வரை' என்று மட்டும் இருந்தால், அந்தக் குடும்பம் கணக்கில் இல்லை.

கணக்கெடுப்பாளரை வாசலில் நிறுத்தி விசாரிக்கும் அதே மனிதர்தான், கணக்கில் விட்டுப்போகும் ஆளாகவும் இருக்கிறார். அவருக்குத் தனி வாசல் இருக்கிறது, தனிச் சமையல் இருக்கிறது. ஆகவே அது ஒரு வீடு, அவர்கள் ஒரு குடும்பம். பட்டியல் கொடுக்கும்போது அந்த அறையையும் எழுதிக் கொடுங்கள். அவரிடமும் சொல்லுங்கள்: "அண்ணே, உங்க வீட்டையும் எழுதிக்கச் சொல்லுங்க. நீங்களும் இதுல உண்டு."

சங்கம் செய்ய வேண்டியவை

குடியிருப்போர் நலச் சங்கத்தில் நீங்கள் பொறுப்பில் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஒன்று, உங்கள் பகுதிக்குப் பொறுப்பான அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளுங்கள். மாநகராட்சி, நகராட்சி என்றால் உங்கள் வார்டு அல்லது மண்டல அலுவலகம். மற்ற இடங்களில் வட்டாட்சியர் அலுவலகம். உங்கள் குடியிருப்புக்கு வரப்போகும் கணக்கெடுப்பாளர், அவருக்கு மேல் உள்ள மேற்பார்வையாளர் பெயர்களைக் கேட்டு வாங்கி, காவலாளி அறையில் எழுதி வையுங்கள்.

இரண்டு, சங்கத்தின் சார்பில் ஒரே ஒரு தொடர்பாளரை நியமியுங்கள். பகலில் வீட்டில் இருப்பவராக, போனை எடுப்பவராக இருக்கட்டும். ஓய்வுபெற்ற ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

மூன்று, வருகையாளர் செயலி பயன்படுத்தும் குடியிருப்பு என்றால், ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக அனுமதி கேட்கும் முறை இங்கே சரிவராது. அலுவலகத்தில் இருக்கும் ஒருவர் கைபேசியில் 'மறு' என்று தட்டிவிட்டால், வீட்டில் இருக்கும் அம்மாவின் பதிலும் கிடைக்காமல் போகும். கணக்கெடுப்புக் காலம் முழுவதற்கும் சங்கத்தின் பெயரில் ஒரே நுழைவு அனுமதி போட்டுக் கொடுங்கள்.

நான்கு, பிளாக் வாரியாக நேரம் பேசி வையுங்கள். இருவரும் வேலைக்குப் போகும் வீடுகள் அதிகம் இருந்தால், மாலை நேரமோ விடுமுறை நாளோ கணக்கெடுப்பாளருக்கு வசதிப்படுமா என்று கேளுங்கள். ஆணையிட வேண்டாம், கேளுங்கள். அவருக்கும் பள்ளி இருக்கிறது, வீடு இருக்கிறது.

ஐந்து, வீட்டு எண்களின் பட்டியல் கொடுங்கள். எந்த வீட்டில் ஆள் இருக்கிறார்கள், எது காலி, எது ஆள் இருந்தும் பூட்டியிருக்கிறது என்று குறியுங்கள். கணக்கெடுப்பில் காலி வீடும் பூட்டிய வீடும் ஒன்றல்ல. ஒரு மாதம் மகள் வீட்டுக்குப் போயிருப்பவரின் வீடு காலி வீடு ஆகிவிடாது.

செய்யக் கூடாதது ஒன்றும் உண்டு. "எல்லா வீட்டு விவரமும் எங்க ஆபீஸ்லயே இருக்கு, நாங்களே சொல்லிடறோம்" என்று சங்கமே எல்லோருக்கும் பதில் சொல்லக் கூடாது. ஒரு வீட்டில் எத்தனை தம்பதிகள், எந்தச் சமுதாயம், என்ன எரிபொருள் என்பது அந்த வீட்டார் கணக்கெடுப்பாளரிடம் மட்டும் சொல்ல வேண்டியது. குழுவில் விவரம் கேட்டு எக்செல் தாள் சுற்றுக்கு விடுவதும் வேண்டாம். சங்கம் கதவு வரை வழிகாட்டலாம். அதற்குப் பிறகு விலகிக்கொள்வதே முறை.

குழுவில் போட ஒரு செய்தி வேண்டுமென்றால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

"அனைவருக்கும் வணக்கம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் நம் குடியிருப்புக்கு வருகிறார். அவருடைய அடையாள அட்டை கேட்டில் சரிபார்க்கப்படும். தயவுசெய்து கதவைத் திறந்து பதில் சொல்லுங்கள். ஆதார், வங்கி விவரம், ஓ.டி.பி. எதுவும் யாருக்கும் தர வேண்டாம். வீட்டில் தங்கி வேலை செய்பவர்களையும் எண்ணிக்கையில் சேருங்கள். வீட்டில் இல்லாத நாளாக இருந்தால் எந்த நேரத்தில் இருப்பீர்கள் என்று தொடர்பாளரிடம் சொல்லுங்கள்."

காவலாளிக்குச் சொல்ல வேண்டியவை

காவலாளிக்குத் தெளிவான வார்த்தையில் நாம் சொல்லித் தர வேண்டும். "சந்தேகமா இருந்தா விடாதே" என்று மட்டும் சொன்னால், எல்லாமே சந்தேகமாகத்தான் தெரியும்.

அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். படமும் ஆளும் ஒன்றா, பெயர் நம் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் பணி நியமன ஆணையைக் காட்டச் சொல்லலாம். அப்போதும் தெளியவில்லை என்றால் தொடர்பாளரை அழைக்க வேண்டும். தொடர்பாளர் வார்டு அலுவலகத்தையோ மேற்பார்வையாளரையோ கேட்டு உறுதி செய்துகொள்வார். வந்தவரே கொடுக்கும் எண்ணுக்கு அழைத்து உறுதி செய்வது உறுதி செய்ததாகாது.

சரிபார்த்த பிறகு, நேரத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டு உள்ளே அனுப்புங்கள். மறுநாள் வரும்போது முதலிலிருந்து விசாரணை வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வருகிறவர் உங்கள் பிள்ளைக்கோ பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கோ பாடம் நடத்தும் ஆசிரியராக இருக்கலாம், உள்ளாட்சி அலுவலகப் பணியாளராக இருக்கலாம். சாமான் ஏற்றும் லிஃப்டில் போகச் சொல்லாதீர்கள். உட்கார ஒரு நாற்காலி, குடிக்கத் தண்ணீர், கழிப்பறை வசதி கொடுங்கள். நாள் முழுக்க ஏறி இறங்குகிறவருக்கு அது பெரிய உதவி.

நீங்களே பதிவு செய்துவிட்டால்?

ஸ்மார்ட்போன் கையில் இருப்பவர்களுக்குச் சுய கணக்கெடுப்பு நல்ல வழி. அரசின் அதிகாரப்பூர்வச் சுய கணக்கெடுப்பு இணையதளத்தில், உங்கள் மாநிலத்துக்கான 15 நாட்களில், கைபேசி எண் கொடுத்து ஓ.டி.பி. மூலம் உள்ளே போகலாம். தமிழிலும் நிரப்பலாம். வரைபடத்தில் உங்கள் வீட்டு இடத்தைக் குறித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சமர்ப்பித்தால், ஓர் அடையாள எண் வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவருக்கும் அனுப்பி வையுங்கள். ஏனென்றால் கணக்கெடுப்பாளர் வரும்போது நீங்கள் ஆபீஸில் இருப்பீர்கள்.

ஆம், பதிவு செய்தாலும் அவர் வருவார். உங்கள் அடையாள எண்ணைக் கேட்டு, விவரத்தைச் சரிபார்த்துத்தான் கணக்கை முடிப்பார். "நான்தான் ஆன்லைன்ல போட்டுட்டேனே" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பினால், போட்டது பாதியில் நிற்கும். பலர் சுயமாகப் பதிந்திருக்கும் குடியிருப்பில் கணக்கெடுப்பாளரின் நேரம் வெகுவாக மிச்சமாகும். ஒரு வீட்டுக்கு ஓரிரு நிமிடம் போதுமானதாக இருக்கும்.

ஓ.டி.பி. விஷயத்தில் மட்டும் கவனம். அது நீங்களே இணையதளத்தில் நுழைவதற்கானது. போனில் கேட்பவருக்கோ வாசலில் கேட்பவருக்கோ சொல்வதற்கானது அல்ல. வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பைத் தட்டி எந்தச் செயலியையும் இறக்காதீர்கள். கணக்கெடுப்பு முழுக்க இலவசம். ஒரு ரூபாய் கேட்டாலும் அது மோசடி. அப்படி யாராவது பணம் பறித்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

வீட்டில் தனியாக இருப்பவர்கள்

தனியாக வசிக்கும் பெண்களும் முதியவர்களும் கதவைத் திறக்கத் தயங்குவது இயல்பு. தயக்கத்தை விட வேண்டியதில்லை, வழியை மாற்றிக்கொண்டால் போதும். கிரில் கதவுக்கு உள்ளிருந்தே பதில் சொல்லலாம். பக்கத்து வீட்டுக்காரரைத் துணைக்கு அழைக்கலாம். சங்கத் தொடர்பாளர் உடன் வந்து அறிமுகம் செய்துவிட்டுத் தள்ளி நிற்கலாம். காது சரியாகக் கேட்காத பெரியவர் என்றால், பிள்ளைகள் முன்கூட்டியே சுய கணக்கெடுப்பில் பதிந்து, அடையாள எண்ணைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கதவருகே வைத்துவிடலாம்.

வெளிநாட்டில் இருக்கும் மகனையும், கல்யாணமாகிப் போன மகளையும் பாசத்தில் எண்ணிக்கையில் சேர்த்துவிடாதீர்கள். அந்த வீட்டில் சாதாரணமாக வசிப்பவர்களை மட்டும் சொல்ல வேண்டும்.

அவர் வரும் நாளில் நீங்கள் இல்லையென்றால், கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போங்கள். "மாலை 7 மணிக்கு மேல் இருப்போம்" என்ற ஒரு வரி, அவருக்கு மூன்று தடவை மாடி ஏறும் வேலையை மிச்சப்படுத்தும்.

அடுத்த முறை உங்கள் குடியிருப்பு வாசலில், காலை பத்தரை மணிக்கு, அதே ஆசிரியை வந்து நிற்கட்டும். காவலாளி பட்டியலைப் பார்த்து, அட்டையைச் சரிபார்த்து, "வாங்க மேடம், ஏ பிளாக்லேருந்து ஆரம்பிக்கலாம்" என்று சொல்லட்டும். முடித்துவிட்டுத் திரும்பும்போது, மோட்டார் ரூமை ஒட்டிய அந்தச் சின்ன அறைக் கதவையும் அவர் தட்டிவிட்டுப் போகட்டும். அதற்கான பேச்சை இந்த வாரமே உங்கள் குழுவில் தொடங்குங்கள்.